கடை திறந்தோர் கூட்டமும் கடவுள் வணக்கமும்

வெலிமடைப் பட்டினத்தில், தையற்கடை ஒன்றின் பின்னறையில், மாதந்தோறும் போயா விடுமுறை நாளில் ஏழெட்டு இளைஞர்கள் கூடுகிறார்கள். அவர்களுட் பெரும்பாலோர் என்னிடம் தமிழ் படித்தவர்கள். ஒருவன் இந்தப் பக்கத்து மரக்கறியைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்புகிறான். ஒருவன் கைத்தொலைபேசி திருத்துகிறான். ஒருத்தி மூன்று தையல் இயந்திரங்களை வைத்துப் பாடசாலைச் சீருடை தைக்கிறாள். இன்னொருவன் பேக்கரி போட்டிருக்கிறான். எல்லோரும் கடன்பட்டுத் தொழில் தொடங்கியவர்கள். எல்லோருடைய குடும்பத்திலும் தொழில் என்று ஒன்றைத் தொடங்கிய முதல் ஆள் அவர்களே. ஒருவர் பட்ட அடியை மற்றவர் படாதிருக்க வேண்டும், இடுக்கண் உற்றவனுக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்த கூட்டம் அது.

மூன்றாம் மாதத்தில் ஒரு சிக்கல் தோன்றியது. மரக்கறி வியாபாரி விளக்கேற்றி, தேவாரம் ஒன்று பாடிக் கூட்டத்தைத் தொடக்கி வைத்தான். அதிற் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. வீட்டிற் கற்ற வழக்கம் அது. ஆனால் அடுத்த போயாவுக்கு இருவர் வரவில்லை. வராதவருள் ஒருவன் முஸ்லிம். மற்றவள் கிறிஸ்தவப் பெண். விடயம் என்னிடம் வந்தது. “சேர், சாமி கும்பிடாம ஒரு நல்ல காரியத்தத் தொடங்கலாமா?” என்று கேட்டான் ஒருவன். “அப்ப நாங்க துஆ ஓதினா நீங்க இருப்பீங்களா?” என்று கேட்டான் மற்றவன். இருவர் கேள்வியும் நியாயமானதே. நான் உடனே விடை சொல்லாமல், அவர்களுக்கு ஒரு பழைய வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். ஓர் இரவிற் சொல்லி முடியாத அந்த வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

கடையையும் கடவுளையும் ஒருசேரப் பொதுவாழ்வின் நடுவே நிறுத்திய நாடு எது என்று கேட்டால், அமெரிக்க ஐக்கிய நாட்டையே முதலிற் சுட்ட வேண்டும். கடவுளை நம்புகிறோம் என்ற வாசகத்தை நாணயத்திலேயே பொறித்து வைத்த தேசம் அது. அங்கே தொழில் தொடங்கியோர் தமக்குள் கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட வழக்கமும் மிகப் பழையது. அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் 1727ஆம் ஆண்டின் பிலடெல்பியா நகருக்கு வந்து சேர்வோம்.

மெழுகுதிரியும் சவர்க்காரமும் காய்ச்சும் தொழிலாளி ஒருவரின் மகனான பெஞ்சமின் பிராங்க்ளின் 1706இல் பொஸ்ரன் நகரிற் பிறந்தவர். தமையனின் அச்சுக்கூடத்தில் ஒப்பந்தப் பயிலுநராகக் கட்டுண்டு கிடந்தவர், தமையனின் அடிக்கு ஆற்றாமல் 1723இல், பதினேழாம் வயதில், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடிப்போனார். ஓடிப்போன பயிலுநர் என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இது பின்னால் வேண்டியிருக்கும். பிலடெல்பியாவில் அச்சுக் கோப்பவராக வேலை பார்த்து, இடையில் லண்டன் சென்று மீண்டு, இருபத்தோராம் வயதில் அவர் ஒரு சிறு கழகத்தை அமைத்தார். ஜுண்டோ என்பது அதன் பெயர். கைவினைஞர் இடுப்பிற் கட்டும் தோற்சீலையின் பேரால் தோற்சீலைக் கழகம் என்றும் அது வழங்கப்பட்டது.

உறுப்பினர் யார் யார் என்று பார்த்தால் அக்கழகத்தின் வர்க்கம் விளங்கும். பத்திரம் படியெடுத்து எழுதும் ஜோசப் பிரெயின்ட்னல்; கண்ணாடி பதிக்கும் தொழிலாளியும் தாமே கற்ற கணித வல்லுநருமான தோமஸ் கொட்பிரி; நில அளவையாளர் நிக்கலஸ் ஸ்கல்; செருப்புத் தைக்கும் வில்லியம் பார்சன்ஸ்; தச்சர் வில்லியம் மொக்ரிட்ஜ்; வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதும் வில்லியம் கோல்மன்; பிராங்க்ளினோடு அச்சுக்கூடத்தில் வேலை செய்த ஹியூ மெரடித் முதலியோர். ஓரளவு செல்வம் படைத்தவர் ரொபர்ட் கிரேஸ் ஒருவரே. கொட்பிரி நெடுநாள் தங்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் கணிதத் துல்லியம் கேட்டு மறித்து, பேச்சையே குலைத்தவர் அவர் என்று பிராங்க்ளின் எழுதி வைத்திருக்கிறார். எந்தப் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையிலும் இத்தகைய நண்பர் ஒருவரைக் காணலாம்.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூட்டம். முதலில் மதுச்சாலை ஒன்றிலும் பின்னர் கிரேஸ் தந்த அறையிலும் கூடினார்கள். கூட்டத்துக்கென இருபத்து நான்கு நிலையான வினாக்கள் இருந்தன. அண்மையில் ஊரில் யாருடைய தொழிலேனும் நொடித்ததா, நொடித்ததன் காரணம் என்ன? யாரேனும் செழிக்கிறாரா, எவ்வழியிற் செழிக்கிறார்? புதிதாகத் தொழில் தொடங்கிய தகுதியுள்ள இளைஞன் எவனேனும் உளனா, அவனை ஊக்குவிக்கக் கழகத்தால் இயலுமா? நாட்டின் சட்டத்தில் குறை ஏதும் கண்டீரா? உம்முடைய நற்பெயரை யாரேனும் தாக்கினாரா, அதைக் காக்க நண்பர்கள் செய்யத்தக்கது யாது? இவ்வாறு செல்லும் அவ்வினாக்கள். வினாவுக்கும் வினாவுக்கும் இடையே ஒரு கோப்பை மது அருந்தும் அளவு ஓய்வும் உண்டு. வாதத்தில் வெல்லும் வேட்கையோடு பேசுவதும், பிறர் கூற்றை முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதும் குற்றம். அதற்குச் சிறு காசு தண்டம். இன்று பெருநகரங்களிற் புதுத்தொழில் முனைவோர் கூடித் தத்தம் தோல்விகளை மனம்விட்டுப் பேசும் கூட்டங்களைப் புதுமை என்று போற்றுவோர், இந்தப் பட்டியலை ஒருமுறை படித்தல் நன்று.

நம் கேள்விக்கு நேராக வருவது கழகத்திற் சேர வருவோனிடம் கேட்கப்பட்ட நான்கு வினாக்களே. நெஞ்சிற் கைவைத்து நின்று அவன் விடையிறுக்க வேண்டும். உறுப்பினர் எவர்மீதும் அவனுக்கு வெறுப்பு இல்லையென உறுதி கூற வேண்டும். எத்தொழிலர் எச்சமயத்தர் ஆயினும் மனிதகுலம் முழுவதையும் நேசிப்பதாகச் சொல்ல வேண்டும். கொள்கைக் கருத்துக்காகவோ புறத்தே தெரியும் வழிபாட்டு முறைக்காகவோ ஒருவனுடைய உடலுக்கும் பெயருக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யலாகாது என ஒப்ப வேண்டும். உண்மையை உண்மைக்காகவே நேசிப்பேன் என்று கூற வேண்டும். இந்த நான்கினுள் இரண்டு சமயத்தைத் தொடுகின்றன. ஆனால் நீ எந்தச் சபையைச் சேர்ந்தவன், எந்தத் தெய்வத்தைத் தொழுகிறாய் என்ற வினா எங்கும் இல்லை.

ஏன் இவ்வாறு அமைந்தது? பிராங்க்ளின் பிறவியிலேயே பெருந்தன்மை வாய்ந்தவர் என்று பாடநூல்கள் சொல்லும். அந்த விளக்கம் போதாது. குவேக்கர் சமயத்தவரான வில்லியம் பென் 1682இல் பென்சில்வேனியாவுக்கு வந்து நிலைநாட்டிய ஆட்சியில், ஒரே கடவுளை ஏற்போர் எவரும் வழிபாட்டின் பொருட்டுத் துன்புறுத்தப்படலாகாது என்ற விதி இருந்தது. அந்த விதியை நம்பிக் குவேக்கரும் ஆங்கிலிக்கரும் பிரஸ்பிட்டேரியரும் பப்டிஸ்தரும் ஜெர்மானிய லூதரரும் வந்து ஒரே வீதிகளிற் கடை வைத்தனர். ஒரு சபையாருக்கு மட்டும் பணிசெய்து எந்த அச்சுக்காரனும் அங்கே பிழைக்க முடியாது. பிராங்க்ளினும் மெரடித்தும் 1728இற் சொந்த அச்சுக்கூடம் திறந்தபோது, அவர்களுக்குக் கிடைத்த முதற் பெரிய வேலையே குவேக்கர் வரலாற்று நூலின் நாற்பது தாள்கள். அதை வாங்கித் தந்தவர் கழகத் தோழர் பிரெயின்ட்னல். அச்சுக்காரன் குவேக்கர் அல்லன், நூல் குவேக்கருடையது. பொறுமை என்னும் அறம் அங்கே சந்தையின் தேவையிலிருந்தே முளைத்தது. முளைத்த இடம் எதுவாயினும் அறம் அறமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த அச்சுக்கூடத்தின் கதையைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். எங்கள் வெலிமடை இளைஞர் மிகக் கவனமாகக் கேட்ட பகுதி அதுவே. அச்சு இயந்திரத்துக்கும் எழுத்துகளுக்கும் மெரடித்தின் தந்தை பணம் தருவதாக இருந்தது. பாதியைத் தந்தார், மீதி நூறு பவுணைத் தர அவரால் இயலவில்லை. கடன் கொடுத்த வணிகர் வழக்குத் தொடுத்தார். கூடம் ஏலத்துக்குப் போகும் நிலை. அப்போது கோல்மனும் கிரேஸும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல், தனித்தனியே பிராங்க்ளினிடம் வந்து வேண்டிய பணம் முழுவதையும் தாம் தருவதாகச் சொன்னார்கள். அவர் ஒருவர் மனமும் நோகாதபடி இருவரிடமும் பாதிப் பாதி பெற்றுக்கொண்டார். வயது முதிர்ந்த பின்பும் அந்த இருவரின் அன்பைத் தாம் மறக்கவில்லை என்று எழுதினார்.

கதை இத்துடன் முடிந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் அந்த உதவியில் ஒரு நிபந்தனை இருந்தது. மெரடித் குடிப்பவர், வீதியில் மயங்கித் திரிபவர், அவரை விலக்கிவிட வேண்டும் என்பது கொடுத்தவர்களின் விருப்பம். அந்த மெரடித்தும் அதே கழகத்தின் உறுப்பினர்தாம்! முடிவில் அவர் தாமாகவே விலகினார். தந்தையின் நூறு பவுணும், தம் சொந்தச் சில்லறைக் கடன்களும் தீர்க்கப்பட, முப்பது பவுணும் ஒரு புதுக் குதிரைச் சேணமும் பெற்றுக்கொண்டு கரோலினாவுக்குப் புறப்பட்டார். இது 1730இல் நடந்தது. தோழமைக் கூட்டம் தூக்கிவிட்டவனை உலகம் அறியும். சேணத்தோடு ஊரைவிட்டுப் போனவனைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

கழகத்தின் பயன் உறுப்பினரோடு நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. 1731இல் ஐம்பது பேர் சேர்ந்து, ஆளுக்கு நாற்பது ஷில்லிங் நுழைவுப் பணமும் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் சந்தாவும் இட்டு அமைத்த நூலகமும், 1736இன் தீயணைப்புச் சங்கமும் இந்தக் கழகத்தின் பேச்சில் முளைத்தவை. காசுத் தாளை மிகுதியாக வெளியிட வேண்டும் என்று கழகத்தில் வாதிட்டு, 1729இற் சிறு நூலும் எழுதிய பிராங்க்ளினுக்கே அந்தத் தாளை அச்சிடும் வேலை கிடைத்தது! பொதுநலமும் தன்னலமும் இவ்வளவு நெருங்கி நடந்த இடங்கள் வரலாற்றிற் சிலவே. முதலாளியத்தின் மனப்பாங்கை விளக்க முனைந்த ஜெர்மானிய அறிஞர் மக்ஸ் வேபர் 1904–05இல் எழுதிய ஆய்வில், பிராங்க்ளினையே முதற் சான்றாக நிறுத்தியது பொருத்தமே.

1739இல் ஜோர்ஜ் வைற்பீல்ட் என்னும் ஆங்கிலேயப் போதகர் பிலடெல்பியாவுக்கு வந்தார். தேவாலயக் குருமார் அவருக்குப் பிரசங்க பீடத்தைத் தர மறுத்தபோது அவர் வெட்டவெளியிற் பேசினார், ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மழைக்கும் வெயிலுக்கும் ஒரு மண்டபம் வேண்டுமென்று பணம் சேர்த்து 1740இல் நூறு அடி நீளமும் எழுபது அடி அகலமும் கொண்ட கட்டடம் எழுப்பினார்கள். எந்தச் சமயப் போதகரும் அங்கே பேசலாம் என்பது ஏற்பாடு; கொன்ஸ்தாந்திநோபிளின் முப்தி இஸ்லாத்தைப் போதிக்க ஒருவரை அனுப்பினால் அவருக்கும் அந்தப் பீடம் கிடைக்கும் என்று பிராங்க்ளின் பின்னாளில் எழுதினார். பொறுப்பாளராகச் சபைக்கு ஒருவர் நியமிக்கப்பட்டனர். அவருள் ஒருவர் இறந்து, அச்சபையிலிருந்து வேறொருவரை எடுக்க ஏனையோர் விரும்பாத நிலையில், எந்தச் சபையையும் சாராத நேர்மையான மனிதர் என்ற ஒரே தகுதியில் பிராங்க்ளின் தெரிவானார். பின்னர் அந்தக் கட்டடம் கல்விக்கூடமாகி, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தொட்டிலாயிற்று.

இதுவரை கேட்ட மாணவன் ஒருவன், “அப்ப அமெரிக்கா நல்ல நாடுதானே சேர்?” என்றான். தையற்கடைப் பெண் வேறு கேள்வி கேட்டாள்: அந்தக் கூட்டத்திற் பெண்கள் இருந்தார்களா? இல்லை. கூலி அடிமைகள்? இல்லை. கறுப்பின மக்கள்? அவர்கள் அந்த அறைக்கு வெளியே, சந்தையில் விற்பனைப் பொருளாக நின்றார்கள். பிராங்க்ளின் 1729இல் விலைக்கு வாங்கி நடத்திய பென்சில்வேனியா கஸற் பத்திரிகை, அடிமை விற்பனை விளம்பரங்களையும், ஓடிப்போன அடிமைகளையும் பயிலுநரையும் பிடித்துத் தருவோருக்குச் சன்மானம் என்ற அறிவித்தல்களையும் காசு வாங்கி அச்சிட்டது. தாமே ஓடிவந்தவர், ஓடியோரைப் பிடிக்கும் விளம்பரத்தை அச்சுக் கோத்தார்! அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். வழிபாட்டு முறைக்காக ஒருவனது உடலுக்குத் தீங்கு செய்யலாகாது என்று நெஞ்சிற் கைவைத்துச் சொன்ன கழகத்துக்கு, நிறத்துக்காக ஒருவனது உடலையே விற்பது தீங்காகத் தோன்றவில்லை.

ஆகவே கழகத்தின் உண்மையான வாரிசுகளை அதன் அறைக்கு வெளியே தேட வேண்டும். அறுபது ஆண்டுகள் கழித்து, அதே நகரில், 1787 ஏப்ரல் 12ஆம் நாள் சுதந்திர ஆபிரிக்கச் சங்கம் தோன்றியது. முன்னின்றவர் இருவர். ரிச்சர்ட் அலன் 1760இல் அடிமையாகப் பிறந்தவர். விறகு பிளந்தும் செங்கற்சூளையில் உழைத்தும் உப்பு வண்டி ஓட்டியும் சேர்த்த பணத்தால் தம்மைத் தாமே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றவர். பின்னர் செருப்புத் தைத்தும் புகைக்கூண்டு துப்புரவாக்கும் தொழில் நடத்தியும் வாழ்ந்தவர். அப்சலம் ஜோன்ஸ் 1746இற் பிறந்தவர். பகலிற் கடையில் உழைத்து, முதலில் மனைவியின் விடுதலையை வாங்கி, தாம் 1784இல் விடுதலை அடைந்தவர்.

இவ்விருவரும் சமய ஊழியர். அவர்கள் முதலில் எண்ணியதும் ஒரு சமயச் சங்கத்தையே. ஆனால் அவ்வகைக் கவலை கொண்டோர் தொகை சிறிது, இருந்தோரும் சமயக் கருத்தில் ஒன்றுபடாதவர் என்பதைக் கண்டு, சமயக் கொள்கை எதையும் நிபந்தனையாக்காமல், ஒழுங்கும் நிதானமும் உடையவர் எவரும் சேரலாம் என்ற சங்கத்தை அமைத்ததாக அவர்களுடைய முகவுரையே கூறுகிறது. ஜுண்டோ கண்ட அதே விடையை இவர்களும் கண்டனர். ஆனால் சந்தையின் வசதிக்காக அன்று, பசியின் நெருக்கடிக்காக. மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் சந்தா. ஓராண்டு செலுத்தியவர் வறுமையுற்றால் வாரம் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ். உறுப்பினர் இறந்தால் விதவைக்கு ஆதரவு. பிள்ளைகளின் கல்விக்கும் கைத்தொழிற் பயிற்சிக்கும் சங்கம் பொறுப்பு. நம் தோட்டத்து லயன்களில் மரண உதவிச் சங்கம் நடத்துவோர் எவருக்கும் இந்த விதிகள் அந்நியமாகத் தோன்றா. கங்காணியும் துரையும் பார்க்காத காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டவர்களின் விதிகள் அவை.

அதே 1787இன் கோடையில், அந்தச் சங்கத்திலிருந்து நடந்து சேரும் தூரத்தில், அரச மன்றக் கட்டடத்தில் அமெரிக்க அரசியலமைப்பு ஆக்கப்பட்டது. முதியவரான பிராங்க்ளின் அங்கு ஒரு பிரதிநிதி. வாதம் முறுகி நின்ற ஜூன் 28ஆம் நாள், ஒவ்வொரு காலையும் இறைவணக்கத்தோடு தொடங்கலாம் என்று அவரே பிரேரித்தார். குருவுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றார் ஒருவர். வெளியே உள்ளவர் நாம் கலங்கிவிட்டோம் என்று நினைப்பர் என்ற அச்சமும் சொல்லப்பட்டது. வாக்கெடுப்பின்றியே அவை கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர ஏனையோர் வணக்கம் தேவையில்லை என்றே கருதினர் எனப் பிராங்க்ளின் குறித்து வைத்தார். எந்தப் பதவிக்கும் சமயச் சோதனை கூடாது என்ற விதியை அந்த அவை எழுதியது. 1791இல் வந்த முதலாம் திருத்தம் அரசு சமயம் ஒன்றை நிறுவுவதைத் தடுத்தது. மனித வரலாற்றிற் பெரும் அடிதான். ஆனால் அதே அவை, அடிமை மனிதரை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. அடிமை வாணிகத்தை 1808வரை காங்கிரஸ் தடைசெய்யலாகாது என்றும் எழுதியது. கடவுளைக் கூப்பிடாமலும் அநீதி செய்யலாம் என்பதற்குச் சான்று வேண்டுவோர் இதைக் காண்க.

கூப்பிட்டும் செய்யலாம். பிலடெல்பியாவின் சென் ஜோர்ஜ் மெதடிஸ்த தேவாலயத்தில், மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலம் ஜோன்ஸை, கறுப்பருக்கு இது இடமன்று என்று பொறுப்பாளர் கையைப் பிடித்துத் தூக்கினர். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று அவர் கேட்டார், பொறுக்கவில்லை. கறுப்பின மக்கள் ஒருசேர எழுந்து வெளியேறினர். ஒரு பழைய கொல்லன் பட்டறையைக் குதிரைகளால் இழுத்து வந்து தம் நிலத்தில் வைத்து, அதையே 1794இல் பெத்தேல் தேவாலயமாக்கினார் அலன். ஜோன்ஸ் அதே ஆண்டில் வேறு தேவாலயம் அமைத்தார். இதற்கிடையே சுதந்திர ஆபிரிக்கச் சங்கத்திலும் வணக்கப் பிரச்சினை எழுந்திருந்தது. 1789இல், கூட்டத்தின் தொடக்கத்திற் பதினைந்து நிமிடம் மௌனமாக இருப்பது என்ற குவேக்கர் முறையைச் சங்கம் ஏற்றது. உரக்கப் பாடித் தொழும் மெதடிஸ்தரான அலன் அதை ஏற்கவில்லை; விலகிவிட்டார். எனினும் 1793இல் மஞ்சட் காய்ச்சல் நகரைச் சூறையாடி, வசதி படைத்தோர் ஓடியபோது, அலனும் ஜோன்ஸும் ஒன்றாகவே நின்று நோயாளரைப் பேணினர், பிணங்களை எடுத்தனர். கறுப்பர் நோயாளரைச் சுரண்டினார்கள் என்று பதிப்பாளர் மத்தியூ கேரி எழுதிய பழியை, 1794இல் இருவரும் சேர்ந்தே சிறு நூல் எழுதி மறுத்தனர். மௌனமா பாட்டா என்பதிற் பிரிந்தவர்கள், பிணத்தைத் தூக்கும்போது பிரியவில்லை.

அலனின் சபை 1816இற் தனித் திருச்சபையாகியது. அதே ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் நம் யாழ்ப்பாணத்துக்கு வந்திறங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரியும் உதயதாரகை பத்திரிகையும் அந்த வருகையின் பயன்கள். செமினரியோ, கிறிஸ்தவரை ஆக்குவதினும் அரசாங்கக் கிளார்க்குமாரை ஆக்குகிறது என்ற குறையின்பேரில் 1855இல் மூடப்பட்டது. அமெரிக்க சமயத்தை நம்மவர் அறிந்தது இந்த முகத்தின் வாயிலாகவே. அலனின் முகம் நமக்குக் காட்டப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு முகம் தோன்றியது. 1934இல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சான்பிரான்சிஸ்கோவிற் பொலிசாரின் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர். மறு ஆண்டு, சியாட்டில் நகரில், நோர்வேயிலிருந்து குடியேறிய ஆபிரகாம் வெரைடி என்ற மெதடிஸ்த போதகர் ஏறத்தாழ இருபது தொழிலதிபரைக் காலையுணவு மேசையில் ஒன்று கூட்டினார். அவர்களும் ஒருவர் குறையை ஒருவர் கேட்டனர், மனம்விட்டுப் பேசினர், ஜெபித்தனர். புறத்தோற்றத்தில் ஜுண்டோவின் உறவுதான். ஆனால் அந்த மேசையிற் பேசப்பட்ட துன்பம் தொழிற்சங்கம். வேண்டப்பட்ட இரட்சிப்பு அதிலிருந்து விடுதலை. வெரைடி பின்னர் வாஷிங்டனுக்குச் சென்றார். 1953இல் ஜனாதிபதி ஐசனோவர் கலந்துகொண்ட முதலாவது ஜனாதிபதி ஜெபக் காலையுணவுக்கு விருந்தளித்தவர் ஹோட்டல் அதிபர் கொன்றட் ஹில்டன். 1954இற் பாடசாலைப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியிற் கடவுளின் பெயர் சேர்க்கப்பட்டது. 1956இல் நாணயத்து வாசகம் தேசத்தின் வாசகமாகச் சட்டமாயிற்று. நாத்திக கம்யூனிசத்துக்கு எதிரான கேடயம் என்று அன்று சொன்னார்கள். அந்த உறுதிமொழியை 1892இல் முதன்முதல் எழுதியவர் பிரான்சிஸ் பெலமி. அவர் ஒரு பப்டிஸ்த போதகர், சோஷலிசவாதியுங்கூட. அவர் எழுதியதிற் கடவுள் இல்லை! போதகர் வைக்காத கடவுளை அரசியல்வாதிகள் வைத்தனர்.

முதலாளிமார் கூட்டமும் மிஷனும் கைகோத்த காட்சி நம் மலைநாட்டுக்கும் புதிதன்று. தோட்டத் துரைமார் சங்கம் கண்டியில் எழுந்தது 1854இல்; தமிழ்க் கூலி மிஷன் துரைமாரின் ஆதரவோடு தொடங்கியதும் அதே 1854இல். சியாட்டிலின் மேசை பரவிக்கொண்டிருந்த ஆண்டுகளில், நம் ஊவாவிலோ வேறுவகைக் கூட்டம் கூடிற்று. 1940இற் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அந்தச் சபையைக் கலந்தே நிருவாகம் நடக்கும் என்று துரை இணங்க வேண்டியதாயிற்று. அவர்களோடு நின்றவர் லங்கா சமசமாஜக் கட்சியினரான எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக, வி. சித்தம்பலம் முதலியோர். சபை நெடுநாள் நிலைக்கவில்லை. பொலிஸ் அடக்குமுறை வந்தது. ஜூன் மாதத்தில் என். எம். பெரேராவும் சமரக்கொடியும் உட்படக் கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர். ஆயினும் திருநீறு பூசியவனும் சிலுவை அணிந்தவனும் புத்தரைத் தொழுதவனும் ஒரே பக்கத்தில் நிற்கக்கூடும் என்பதை எங்கள் மலைகள் ஒருமுறை கண்டன.

ஐசனோவரின் காலத்திலேயே, 1955 டிசம்பரில், அலபாமாவின் மொன்ற்கொமரி நகரத்துக் கறுப்பின மக்கள் ஹோல்ட் வீதி பப்டிஸ்த தேவாலயத்தில் கூடினர். நிறவேற்றுமை காட்டும் பஸ்களைப் புறக்கணிப்பதெனத் தீர்மானித்தனர். முந்நூற்று எண்பத்தொரு நாள் நடந்தே வேலைக்குப் போயினர். தமக்குள் கார்களைப் பகிர்ந்தனர். வாரந்தோறும் தேவாலயங்களிற் கூடி, பாடி, ஜெபித்து, பணம் திரட்டினர். அங்கே கடவுளின் பெயர் உரக்கவே சொல்லப்பட்டது. வாஷிங்டன் ஜெபமேசையிலும் அதே பெயர்தான். ஒரு கூட்டம் தெய்வத்தை அழைத்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இவ்விரண்டுக்கும் வேற்றுமை காண இயலாது. அந்தப் பெயரைச் சொல்லி யாருக்குக் கதவு திறந்தார்கள், யாருக்குச் சாத்தினார்கள் என்று பார்த்தால் வேற்றுமை பகல்போல் தெரியும்.

பிராங்க்ளினுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். முதுமையில் அவர் மாறினார். 1787இற் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவிற் கையொப்பமிட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். தமக்கு அதிகாரமில்லை என்று காங்கிரஸ் கைகழுவியது. அடுத்த ஏப்ரலில் அவர் இறந்தார்.

வெலிமடைக் கூட்டத்துக்கு நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அவர்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விளக்கேற்றுபவன் தன் கடையில் ஏற்றிவிட்டு வருகிறான். கூட்டம் தொடங்கும்போது யாவரும் சிறிது நேரம் பேசாதிருக்கிறார்கள். பின்பு, இந்த மாதம் யாருக்குக் கஷ்டம் என்ற கேள்வியோடு பேச்சு ஆரம்பமாகிறது. வராதிருந்த இருவரும் திரும்பி வந்துவிட்டனர். போன மாதம் தையற்கடைப் பெண் மறுபடியும் தன் பழைய கேள்வியைக் கேட்டாள்: இங்கே இல்லாதவர்கள் யார்? பஸ் தரிப்பிடத்தில் வடை சுட்டு விற்கும், தோட்டத்திலிருந்து வரும் இரண்டு பெண்களை அவளே குறிப்பிட்டாள். அவர்களும் கடன்பட்டுத் தொழில் செய்பவர்கள்தாமே? இருவருக்கும் சொல்லி அனுப்பினார்கள். ஒருத்தி வந்தாள். மற்றவள், போயா நாளிற்றான் தனக்கு நாலு காசு வருகிறது, கடையை விட்டு எப்படி வருவது என்று சொல்லியனுப்பினாள். கூட்டத்தின் நாளை மாற்றுவது பற்றி இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.